40 மீட்டருக்கு 1 சென்டிமீட்டர்

டெல்லியில் ஹுமாயூன் கல்லறையைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் தலையை நிமிர்த்தியே நடக்கிறார்கள். வெள்ளைப் பளிங்குக் குவிமாடம், சிவப்புக் கல்லில் பளிங்கு இழைத்த வளைவுகள், உயரமான மேடை என்று புகைப்படத்துக்கு ஏற்ற எல்லாமே கண்ணுக்கு மேலேதான் இருக்கின்றன. குனிந்து பார்க்கிறவர்கள் தோட்டக்காரர்கள் மட்டுமே. நடைபாதையின் நடுவே, கல் பதித்த குறுகலான வாய்க்கால் ஒன்று கல்லறையை நோக்கிப் போகிறது. தண்ணீர் விட்டிருக்கும் நாளில் அது ஓடுகிறதா, நிற்கிறதா என்று பார்த்தவுடன் சொல்லிவிட முடியாது. ஒரு வேப்பிலையைக் கிள்ளிப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். மெதுவாக, மிக மெதுவாக, இலை நகரும்.

அந்த இலை நகர்வதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது: 40 மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் சரிவு. மொட்டை மாடிக்குத் தளம் போடும் கொத்தனார் மழைநீர் வடிய ‘வாட்டம்’ கொடுப்பார். நூறு அடிக்கு ஓர் அடி என்பது அவர் கணக்கு. அதே கணக்கில் இந்த வாய்க்காலை அமைத்தால் 40 மீட்டருக்குள் 40 சென்டிமீட்டர் இறங்கியிருக்கும். தண்ணீர் ஒரே ஓட்டமாக ஓடி முடிந்திருக்கும். இங்கே அதில் நாற்பதில் ஒரு பங்குதான் வாட்டம். 1997க்கும் 2003க்கும் இடையே ஆகா கான் கலாசார அறக்கட்டளையும் இந்தியத் தொல்லியல் துறையும் இந்தத் தோட்டத்தைச் சீரமைத்தபோது, மோட்டார் தள்ளாமல் தண்ணீர் தானாகவே நடந்து போக வேண்டும் என்பதற்காக இந்த அளவில் வாய்க்கால்களைத் திரும்பப் பதித்தார்கள். கல்லை ஒரு விரல் தடிமன் தவறாக வைத்திருந்தால் தண்ணீர் எங்கோ ஓரிடத்தில் தேங்கி நின்றிருக்கும்.

டெல்லிக்கு வரும் உறவினர்களைக் குதுப் மினாருக்கும் இங்கேயும் அழைத்து வருவது டெல்லித் தமிழர்களின் தவிர்க்க முடியாத கடமைகளில் ஒன்று. அடுத்த முறை வரும்போது கட்டடத்துக்குக் கொடுக்கும் அரை மணி நேரத்தில் பத்து நிமிடத்தைத் தண்ணீருக்குக் கொடுக்கலாம். தோட்டப் பாசனம் என்றால் என்ன, அதன் உறுப்புகள் எவை, எந்த உறுப்புக்கு என்ன வேலை என்று சொல்லித்தர இந்தியாவில் இதைவிடத் தெளிவான பாடப்புத்தகம் கிடைப்பது கடினம்.

ஊற்றுக்கண்

எந்தப் பாசனத்துக்கும் முதல் உறுப்பு நீர் ஆதாரம். பாபருக்கு இந்துஸ்தானத்தின் மீது இருந்த பெரிய குறையே இதுதான். ஃபர்கானாவிலும் காபூலிலும் ஓடும் நீரைப் பார்த்து வளர்ந்தவருக்கு, ஓடும் நீர் இல்லாத சமவெளியில் தோட்டம் போடுவது விளங்கவில்லை. லாகூர், சிர்ஹிந்த் பக்கம் சக்கரம் வைத்துத் தண்ணீர் இறைப்பதையும், ஆக்ரா பக்கம் மாடு கட்டித் தோல் வாளியால் இறைப்பதையும் தன் நினைவுக் குறிப்புகளில் அவர் விவரமாக எழுதி வைத்திருக்கிறார். முதலாவது ‘ரஹட்’: கயிற்று மாலையில் வரிசையாகக் கட்டிய பானைகள் சக்கரம் சுற்றச் சுற்றக் கிணற்றில் மூழ்கி, நிறைந்து, மேலே வந்து கவிழும். இரண்டாவது ‘சரஸ்’: தமிழ்நாட்டில் கவலை என்றும் கமலை என்றும் சொல்கிறார்களே, அதன் வடநாட்டுச் சகோதரன்.

அவருடைய மகன் ஹுமாயூனுக்கு 1560களில் தொடங்கி எழுப்பப்பட்ட இந்தக் கல்லறையில் அந்தக் குறைக்குப் பதில் கிடைத்திருக்கிறது. பாரசீகக் கட்டடக் கலைஞர் மீரக் மிர்ஸா கியாஸ் வகுத்த திட்டத்தில், அந்நாளில் யமுனை கிழக்கு மதிலை ஒட்டி ஓடியது. ஆனாலும் தோட்டம் குடித்தது கிணற்றுத் தண்ணீரை. சீரமைப்பின்போது தூர்ந்துபோன பழைய கிணறுகளைத் தோண்டித் தூர் வாரினார்கள். யமுனை இப்போது வெகு தூரம் விலகிப் போய்விட்டது. கிணறுகள் மட்டும் இடம் மாறவில்லை.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் இன்னொரு கல்லறையில் அப்துர் ரஹீம் கான்-இ-கானான் உறங்குகிறார். இந்தி படித்தவர்களுக்கு அவர் ஈரடிக் கவிதைகள் எழுதிய ரஹீம். தண்ணீர் படித்தவர்களுக்கு அவர் வேறொருவர். மத்தியப் பிரதேசத்தின் புர்ஹான்பூரில் அவர் அதிகாரத்தில் இருந்த காலத்தில், 1615 வாக்கில், மலையடிவாரத்து ஊற்றை நிலத்தடிச் சுரங்கம் வழியாக நகருக்குக் கொண்டு வந்தார்கள். வழியெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட கிணறுகள் காற்றுக்கும் தூர் வாரவும் வாய் திறந்திருக்கின்றன. மோட்டார் இல்லை, மாடு இல்லை, வாட்டம் மட்டும்தான்.

உயரம்தான் விசை

இரண்டாவது உறுப்பு, தண்ணீரைத் தள்ளும் விசை. இன்றைய மொழியில் ‘பிரஷர்’. இதை விளங்கிக்கொள்ள ஒரே ஒரு எண் போதும்: தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால், அடியில் ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம் கிடைக்கும். அதாவது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஒரு கிலோ எடை. உயரம் பாதியானால் அழுத்தமும் பாதி. தொட்டி பெரிதா சிறிதா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வீட்டு மாடியில் இரண்டாயிரம் லிட்டர் தொட்டி வைத்தவர் மாடிக் குளியலறையில் ஷவர் ஒழுகுகிறதே என்று அலுத்துக்கொள்வதற்கு இதுதான் காரணம்.

மொகலாயர் காலத்துக் கைவினைஞர்களுக்குக் கிலோக் கணக்கு தெரியாது. உயரம் தெரியும். தாஜ்மகாலில் யமுனைத் தண்ணீரைத் தோல் வாளிகளால் இறைத்து, உயரத்தில் இருந்த தொட்டிகளில் தேக்கி, மண்ணுக்கடியில் குழாய் வழியாக நீரூற்றுகளுக்கு விட்டார்கள். நீளமான வரிசையில் முதல் ஊற்று உயரமாகவும் கடைசி ஊற்று முனகிக்கொண்டும் எழுவது இயற்கை. அதைச் சமாளிக்க ஒவ்வொரு ஊற்றுக்கும் அடியில் ஒரு செப்புப் பானையைப் புதைத்தார்கள். குழாய் நேராக ஊற்றுக்குப் போகாமல் பானைக்குப் போகிறது. எல்லாப் பானைகளும் நிறைந்த பிறகே எல்லா ஊற்றுகளும் ஒரே நேரத்தில், ஒரே உயரத்தில் கிளம்பும். இன்று ‘பிரஷர் ரெகுலேட்டர்’ என்ற பெயரில் கடையில் விற்கும் சாமானின் வேலையைச் செப்புப் பானை செய்திருக்கிறது.

காஷ்மீரில் இந்தச் சிரமமே இல்லை. அங்கே மலை தொட்டியாக இருக்கிறது. ஜஹாங்கீர் 1619ல் தொடங்கிய ஷாலிமார், அவருடைய மைத்துனர் ஆசஃப் கான் 1633ல் அமைத்த நிஷாத் இரண்டிலும் ஓடைநீர் படிப்படியாக இறங்கி தால் ஏரியை நோக்கிப் போகிறது. படியிலிருந்து படிக்குத் தண்ணீர் இறங்கும் சரிவான கற்பலகைக்கு ‘சாதர்’ என்று பெயர். போர்த்தும் விரிப்பு என்று பொருள். பலகையில் மீன் செதில் போலச் செதுக்கியிருப்பதால் தண்ணீர் நுரைத்து, வெள்ளைத் துணி விரித்ததுபோல வழிகிறது. அருவிக்குப் பின்னால் உள்ள சிறு மாடங்களுக்கு ‘சீனிகானா’. இரவில் அங்கே விளக்கு ஏற்றினால் வெளிச்சம் தண்ணீருக்குள்ளிருந்து வரும்.

நிஷாத்தைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. ஷாலிமாருக்கும் நிஷாத்துக்கும் ஒரே ஓடையின் நீர். மாமனாரின் தோட்டம் தன்னுடையதைவிட அழகாக இருப்பதைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஷாஜஹான், நிஷாத்துக்குப் போகும் தண்ணீரை நிறுத்தச் சொன்னாராம். ஆசஃப் கான் வாய் திறக்கவில்லை. வறண்ட தோட்டத்தில் மனமுடைந்து தூங்கிப்போனார். எஜமானின் துக்கம் பொறுக்காத வேலைக்காரன் ஒருவன் மடையைத் திறந்துவிட்டான். தலை போகும் குற்றம். ஆனால் விசுவாசத்தை மெச்சிய சக்கரவர்த்தி, தண்ணீர் உரிமையை எழுதியே கொடுத்துவிட்டாராம். கதை உண்மையோ பொய்யோ, பாசனத்தின் மூன்றாவது உறுப்பு எது என்பதை இது சொல்லிவிடுகிறது: மடை. அதைத் திறக்கும் கை யாருடையதோ, தோட்டம் அவருடையது.

மேடும் பள்ளமும்

ஹுமாயூன் தோட்டம் ‘சார்பாக்’ வகை. நான்கு பெரிய சதுரங்கள். ஒவ்வொன்றும் மேலும் சிறு சதுரங்களாகப் பிரிகிறது. பிரிக்கும் கோடுகள்தான் நடைபாதைகள், அவற்றின் நடுவில் ‘நஹர்’ எனும் வாய்க்கால், வாய்க்கால்கள் சந்திக்கும் இடத்தில் ‘ஹௌஸ்’ எனும் தொட்டி. கல்லறையை நெருங்கும் வாய்க்கால் கட்டடத்துக்கு அடியில் மறைந்து, மறுபுறம் அதே நேர்கோட்டில் வெளிப்படுவதுபோல அமைத்திருக்கிறார்கள். சொர்க்கத் தோட்டங்களின் கீழே ஆறுகள் ஓடும் என்ற குர்ஆன் வாக்கு கல்லில் வந்திருப்பதாக அறிஞர்கள் கருதுகிறார்கள்.

மொகலாயத் தோட்டங்களில் நடைபாதை உயர்ந்தும், செடி இருக்கும் தரை தாழ்ந்தும் இருப்பது அழகுக்காக மட்டும் அல்ல. வாய்க்காலை ஓரிடத்தில் உடைத்துவிட்டால் தண்ணீர் தானாகவே பாத்திக்குள் இறங்கும். தஞ்சாவூர்க்காரருக்கோ திருநெல்வேலிக்காரருக்கோ இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. தலைவாய்க்கால், கிளைவாய்க்கால், மடை, வரப்பு, பாத்தி என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் சொல் இருக்கிறது. டெல்லித் தோட்டக்காரர் பாத்தியைக் ‘கியாரி’ என்பார், வரப்பை ‘மேண்ட்’ என்பார். மண்வெட்டியால் ஒரு வெட்டு, மண்ணைத் தூக்கி எதிர்ப்பக்கம் ஓர் அணை. மடை மாறிவிட்டது. இந்த வேலையில் மொழிபெயர்ப்பாளருக்கு வேலையே இல்லை.

இவ்வளவு நுணுக்கமான ஏற்பாடு எப்படிப் பாழானது? பராமரிக்கப் பணமில்லாத பதினெட்டாம் நூற்றாண்டில் பூந்தோட்டம் காய்கறித் தோட்டமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேய ரசனை, நீர்த்தொட்டிகள் இருந்த இடத்தில் வட்டமான பூப்பாத்திகளைக் கொண்டு வந்தது. கர்ஸன் பிரபு காலத்தில் பழைய அமைப்பை மீட்கும் வேலை தொடங்கியது. காரை பூசிய வாய்க்கால்களுக்குக் கல் பதித்தார்கள். 1947ல் தேசம் பிளந்தபோது இந்தத் தோட்டம் அகதிகள் முகாமாயிற்று. தலைக்கு மேல் கூரை இல்லாத மனிதர்களிடம் வாய்க்காலின் வாட்டத்தைக் காப்பாற்றச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. வாட்டம் போனது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு 12 ஹெக்டேர் புல்வெளியைச் சமன்செய்து, 2,500க்கும் மேற்பட்ட மரம் செடிகளை நட்டு, வாய்க்கால்களை மறுபடி மட்டம் பிடிக்க வேண்டியிருந்தது.

குழாய்க்குள் போன வாய்க்கால்

கல்லறையை விட்டு வெளியே வந்தால் லட்யன்ஸ் டெல்லி. அகன்ற சாலைகளின் நடுவிலும், பங்களாக்களின் முன்னாலும், வட்டச் சந்திப்புகளிலும் புல்வெளி. குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டத்துக்கு 1917ல் வரைபடத்தை முடித்த லட்யன்ஸும் மொகலாய வாய்க்காலை விடவில்லை. வாய்க்கால்கள் சந்திக்கும் இடங்களில் தாமரை வடிவ நீரூற்றுகள் ஆறு. மொகலாயத் தோட்டம் என்றே வழங்கிவந்த அந்த இடம் 2023 ஜனவரியில் ‘அம்ரித் உத்யான்’ ஆனது.

ஆனால் இன்றைய நகரத்தின் சாதாரணப் புல்வெளிக்குத் தண்ணீர் குழாய்க்குள் போகிறது. கண்ணுக்குத் தெரியாததால் இது ஏதோ புதிய வித்தை என்று தோன்றும். உறுப்புகளின் பெயர்கள் வேறே ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் எல்லாம் பழைய முகங்கள்.

கிணறு இருந்த இடத்தில் போர்வெல் அல்லது நிலத்தடித் தொட்டி. மாட்டின் இடத்தில் மோட்டார். தலைவாய்க்காலுக்கு ‘மெயின் லைன்’. எப்போதும் நீர் நிறைந்து, அழுத்தத்தோடு மண்ணுக்குள் கிடப்பது. மடைக்கு ‘வால்வு’. மின்சாரத்தால் திறந்து மூடுகிற வால்வுக்கு ‘சொலினாய்டு’. கிளைவாய்க்காலுக்கு ‘லேட்டரல்’. வால்வைத் திறந்தால் மட்டுமே இதில் தண்ணீர் வரும். எந்த வால்வை எப்போது, எத்தனை நிமிடம் திறப்பது என்று உத்தரவிடும் பெட்டி ‘கன்ட்ரோலர்’. தமிழ்நாட்டு ஏரிகளில் நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி என்று ஒரு மனிதர் பார்த்த வேலை அது. ஒரு வால்வுக்கு உட்பட்ட பரப்பு ‘ஸோன்’. எல்லா ஸோனையும் ஒரே நேரத்தில் நனைக்க மோட்டாருக்குச் சக்தி போதாது. ஆகவே ஒன்று மாற்றி ஒன்று. கிராமத்தில் இதற்கு முறைப்பாசனம் என்று பெயர்.

புல்லுக்கு ஸ்பிரிங்க்ளர். புதர்களுக்கும் மரங்களுக்கும் சொட்டுநீர். ஸ்பிரிங்க்ளருக்கு ஒரு விதி உண்டு: ஒன்றிலிருந்து பறக்கும் நீர் அடுத்ததன் காலைத் தொட வேண்டும். ஒரு முனையிலிருந்து விழும் நீர் எல்லா தூரத்திலும் ஒரே அளவாக விழாது; பக்கத்து முனையின் நீர் மேலே விழுந்தால்தான் கணக்கு சரியாகும். குழாயை மிச்சம் பிடிக்கிறவர்கள் இரண்டு வட்டங்களும் விளிம்பில் முட்டிக்கொண்டால் போதும் என்று நினைத்து இடைவெளியை அதிகமாக்குகிறார்கள். மே மாதத்தில் புல்வெளியில் மஞ்சள் திட்டுகள் காட்டிக்கொடுக்கும். அந்தத் திட்டை நனைக்க எல்லா இடத்துக்கும் நேரத்தைக் கூட்டுவார்கள். குழாயில் மிச்சமானது தண்ணீரில் போய்விடும்.

சொட்டுநீர்க் குழாயில் உள்ள ‘டிரிப்பர்’ மணிக்கு 2, 4 அல்லது 8 லிட்டர் என்ற கணக்கில் சொட்டும். 10 மீட்டர் உயரத் தொட்டியின் ஒரு கிலோ அழுத்தமே அதற்குப் பெரும்பாலும் போதும். ஸ்பிரிங்க்ளருக்கு அதைப் போல இரு மடங்கு, மும்மடங்கு வேண்டும். டிரிப்பரின் வாய் சிறியது என்பதால் மணலும் பாசியும் அடைத்துக்கொள்ளும். வடிகட்டி இல்லாத சொட்டுநீர் அமைப்பு ஒரு கோடைக்குத் தாங்குவதே அதிகம்.

கடைசியாக, கடைக்காரர் ‘வேண்டாம் சார், செலவு’ என்று விட்டுவிடக்கூடிய ஓர் உறுப்பு: தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் ஒருவழி வால்வு. குடிநீர்க் குழாயிலிருந்தே தோட்டத்துக்கும் இணைப்பு கொடுத்திருக்கும் வீட்டில், தெருக் குழாயில் அழுத்தம் குறையும் நேரத்தில் உள்ளிழுப்பு ஏற்படும். உரமும் பூச்சிமருந்தும் கலந்த தோட்டத்துச் சேற்று நீர் குடிநீர்க் குழாய்க்குள் போகும். மணிக்கணக்கில் குழாயில் தண்ணீர் வராத நகரங்களில் இது கற்பனை அல்ல. இந்த வால்வு இல்லாவிட்டால் கெடுவது புல் அல்ல, வீட்டுக் குழந்தையின் வயிறு.

ஒரு மில்லிமீட்டரின் விலை

பாசனத்தின் கடைசிச் சொல் ஓர் அளவு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது சரியாக ஒரு லிட்டர். மண்ணிலிருந்து ஆவியாவதும் இலை வழியே வெளியேறுவதும் சேர்ந்து கோடையில் ஒரு புல்வெளி நாளுக்கு 5 மில்லிமீட்டரை இழப்பதாக வைத்துக்கொள்வோம். டெல்லி வெயிலுக்கு இது தாராளமான கணக்கு அல்ல. ஒரு ஹெக்டேருக்கு 50,000 லிட்டர். நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது இந்தியாவில் வகுத்திருக்கும் அளவு. அதன்படி ஒரு ஹெக்டேர் புல், ஒரு நாளில் 370 பேரின் தண்ணீரைக் குடிக்கிறது.

2024 ஜூனில் டெல்லியின் தண்ணீர்ப் பஞ்சம் உச்ச நீதிமன்றம் வரை போனது. லாரியைச் சுற்றிக் குடத்தோடும் ரப்பர் குழாயோடும் முண்டியடித்த கூட்டத்தை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. இந்த நகரம் யமுனையையும் கங்கைக் கால்வாயையும் அண்டை மாநிலங்களையும் நம்பியிருக்கிறது. நிலத்தடி நீரைப் பொறுத்தவரை டெல்லியின் பல பகுதிகள் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டவை என்ற பட்டியலில் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஊரில் மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஸ்பிரிங்க்ளர் சுற்றுவதைப் பார்க்கும் வழிப்போக்கர் சிரித்துவிட்டுப் போகிறார். கன்ட்ரோலரோடு ஒரு மழை உணரியை இணைத்திருந்தால் அந்தச் சிரிப்புக்கு இடமில்லை.

புல்லே வேண்டாம் என்பது ஒரு பதில். நகரத்துக்கு நிழலும் பசுமையும் வேண்டும் என்பதால் அது முழுமையான பதில் அல்ல. சுத்திகரித்த கழிவுநீரைப் பூங்காக்களுக்கு விடும் ஏற்பாடு டெல்லியில் பல இடங்களில் வந்துவிட்டது. சில நாடுகளில் இந்த நீர் போகும் குழாய்க்கு ஊதா நிறம் பூசி, யாரும் மறந்துபோய்க் குடிநீரோடு இணைத்துவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். மரத்தடியில் சருகை மூடாக்காகப் போட்டால் ஆவியாகும் நீர் குறையும். அதற்குக் கடையில் வாங்க வேண்டியது எதுவும் இல்லை.

ஹுமாயூன் தோட்டத்துச் சீரமைப்பில் இன்னொரு வேலையும் நடந்தது. மழைநீரை நிலத்துக்குள் இறக்க 128 உறிஞ்சு குழிகளை வெட்டினார்கள். சுற்றுலாப் பயணிகளின் கண்ணில் அவை படுவதில்லை. படவேண்டிய அவசியமும் இல்லை. எடுத்த கிணற்றுக்குத் திருப்பிக் கொடுப்பதும் பாசனத்தின் ஓர் உறுப்பு என்று தோட்டத்தின் வரைபடத்திலேயே சேர்த்துவிட்டார்கள். விலைக்கு வாங்கும் தோட்டப் பாசன அமைப்பு எதிலும் இந்த உறுப்பு பெட்டிக்குள் வைத்து வருவதில்லை.

தஞ்சை விவசாயி ‘தண்ணீர் திறந்தாச்சா?’ என்று கேட்டுவிட்டு நிறுத்துவதில்லை. ‘கடைமடைக்கு வந்து சேர்ந்ததா?’ என்று கேட்பார். குழாயில் ஓடினாலும் கல் வாய்க்காலில் ஓடினாலும் அந்தக் கேள்வி மாறவில்லை. அழுத்தம் குறைந்து கடைசி ஸ்பிரிங்க்ளர் தலையைத் தூக்காமல் கிடந்தால், வாட்டம் பிசகி வாய்க்காலின் கடைசி அடியில் பாசி காய்ந்திருந்தால், மற்ற எல்லா உறுப்புகளும் சரியாக இருந்து பயன் இல்லை. அதனால்தான் விவரம் தெரிந்த தோட்டக்காரர் மடையைத் திறந்ததும் அங்கே நிற்பதில்லை. கையில் மண்வெட்டியோடு கடைசிப் பாத்திக்கு நடக்கிறார். வேப்பிலை அங்கே போய்ச் சேர்வதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிடுகிறார்.